அசுரனுக்கு யார் முகம்?

2022ஆம் ஆண்டு அக்டோபர் 2. நாடெங்கும் காந்தியடிகளின் பிறந்தநாள் நிகழ்ச்சிகள் நடந்துகொண்டிருந்தன. அன்று தெற்குக் கொல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தல் ஒன்றுக்குள் நுழைந்தவர்கள் திகைத்து நின்றனர். வழக்கம்போல் பத்துக் கைகளுடன் தேவி. அவளுடைய சூலத்தின் கீழே அசுரன். ஆனால் அந்த அசுரனுக்கு முறுக்கிய மீசை இல்லை; சுருண்ட முடி இல்லை. வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, இடுப்பில் வெள்ளை வேட்டி. பந்தலை அமைத்தது இந்து மகாசபை. எதிர்ப்பு எழுந்ததும், அது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று அமைப்பாளர்கள் கூறினர். தாங்கள் காந்தியைப் போற்றுவதில்லை என்பதையும், நேதாஜியையே மதிப்பதாகவும் கூறத் தவறவில்லை. காவல்துறை தலையிட்ட பிறகு அசுரனுக்குப் பொய்முடியும் மீசையும் ஒட்டப்பட்டன. அத்துடன் செய்தி ஓய்ந்துவிட்டது.

இதைச் சிலருடைய விஷமம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதற்கொரு முன்னோடி உண்டு. நாதுராம் கோட்சே ஆசிரியராக இருந்து நடத்திய ‘அக்ரணி’ என்னும் மராத்தி ஏட்டில் 1945இல் ஒரு கேலிச்சித்திரம் வெளிவந்தது. பத்துத் தலை இராவணனாக காந்தி நிற்கிறார். எதிரே வில்லேந்தி அம்பு தொடுப்பவர்கள் சாவர்க்கரும் சியாமா பிரசாத் முகர்ஜியும். இராவணனின் மற்றத் தலைகளாக நேரு, படேல், ஆசாத், இராஜாஜி ஆகியோருடன் சுபாஷ் சந்திர போஸும் வரையப்பட்டிருந்தார். 2022இல் எந்த நேதாஜியின் பெயரால் காந்தியை அசுரனாக்கினார்களோ, அந்த நேதாஜியே 1945இல் அரக்கனின் ஒரு தலை. மூன்றாண்டுகள் கழிந்து, 1948 ஜனவரி 30 அன்று, வரைந்த அம்பு உண்மையான துப்பாக்கிக் குண்டாயிற்று.

நன்மை தீமையை வெல்லும் காட்சி ஓவியமாகும்போது, ‘தீமை வெல்லப்பட வேண்டும்’ என்ற பொதுக்கருத்தை எவரும் மறுக்கப்போவதில்லை. மறுப்புக்கு இடமில்லாத அந்தப் பொதுக்கருத்தின் மறைவில்தான் கேள்விக்கு உரிய வேறொரு செயல் நடந்துமுடிகிறது. தீமைக்கு ஒரு முகம் பொருத்தப்படுகிறது. அந்த முகத்தைத் தெரிவு செய்வது யார் என்பதே பண்பாட்டுக் களத்தில் இயங்கும் தோழர்கள் எழுப்பவேண்டிய முதற்கேள்வி.

விலங்கு மனிதனான கதை

மகிஷாசுரமர்த்தினியின் உருவம் இன்று காணும் வடிவில் தொடக்கத்திலேயே தோன்றிவிடவில்லை. இராஜஸ்தானத்தின் நகர் என்னும் ஊரில் கிடைத்த சுடுமண் பலகைகளிலும், குஷாணர் காலத்து மதுரா நகரச் சிற்பங்களிலும் தேவி ஓர் எருமையை அடக்குகிறாள். அங்கே எருமை முழுமையான விலங்கு. மனித உடலும் இல்லை. மனித முகமும் இல்லை. வலிய கைகள் ஒரு காட்டு விலங்கின் கழுத்தைப் பற்றி நெரிக்கும் காட்சி அது. தமிழில் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் வரும் கொற்றவையும் எருமைத் தலையின் மீது நிற்பவளே. வேட்டையும் மேய்ச்சலும் வாழ்வாக இருந்த மக்களின் நினைவு அவ்வுருவங்களில் படிந்துள்ளது.

7ஆம் நூற்றாண்டில் பல்லவர் செதுக்கிய மாமல்லபுரம் மகிஷமர்த்தினி குகைக்கு வரும்போது எருமை பாதி மனிதனாகிவிடுகிறது. தலை எருமையுடையது; உடல் வீரனுடையது. கையில் கதாயுதம், தலைக்கு மேல் அரசனுக்குரிய குடை. சிங்கத்தின் மீதமர்ந்து வில்வளைக்கும் தேவியின் முன் அவன் பின்வாங்குகிறான். ஆனால் இன்னும் வீழ்ந்துவிடவில்லை. பல்லவச் சிற்பி அவனை ஓர் எதிர்த்தரப்பு அரசனாகவே மதித்துச் செதுக்கியிருக்கிறான். இரு படைகள், இரு தலைமைகள், முடிவு தெரியாத ஒரு கணம். அந்தச் சுவரின் முன் நிற்பவர் பார்ப்பது ஒரு போரை. தண்டனை நிறைவேற்றத்தை அன்று.

அடுத்த கட்டத்தில், வெட்டப்பட்ட எருமையின் உடலிலிருந்து முழு மனிதன் வெளிப்படுகிறான். வங்கத்துக் களிமண் சிலைகளில் நிலைபெற்றது இந்த வடிவம்தான். பழைய குடும்பப் பூஜைகளில் அசுரனுக்குப் பச்சை நிறம் தீட்டும் வழக்கம் இருந்தது. எந்த மனிதருக்கும் உரியதல்லாத நிறம். நாளடைவில் அந்தப் பச்சை மறைந்து கரிய அல்லது பழுப்புத் தோலும், திரண்ட தசையும், சுருள்முடியும் வந்தன. தேவியின் முகமோ மேலும் மேலும் வெளுத்தது. வயலிலும் சுமைதூக்கும் இடத்திலும் வெயிலில் கறுத்த உடல்களைப் போன்ற ஓர் உடல், வெளுத்த உடலின் காலடியில் கிடக்கிறது. இதை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க வேண்டியதில்லை. சாதியும் நிறமும் குறித்து ஒரு சமூகம் ஏற்கெனவே கொண்டிருக்கும் எண்ணங்கள் தூரிகையின் வழியே தாமாகவே வடிகின்றன. கருத்தியல் என்று மார்க்சியம் குறிப்பிடுவது இதையே.

அரசனும் வணிகனும்

இந்தப் போரை விரிவாகச் சொல்லும் நூல் மார்க்கண்டேய புராணத்தின் ஒரு பகுதியான தேவி மாகாத்மியம். போர்க்காட்சிகள் பரவலாக அறியப்பட்டவை. அக்கதை எவரிடம் சொல்லப்படுகிறது என்பதோ பெரிதும் பேசப்படுவதில்லை. காட்டிலிருக்கும் முனிவரிடம் இருவர் வருகின்றனர். ஒருவன் ஆட்சியை இழந்த சுரதன் என்னும் அரசன். மற்றவன், செல்வத்துக்கு ஆசைப்பட்ட மனைவி மக்களால் விரட்டப்பட்ட சமாதி என்னும் வணிகன். உடைமையை இழந்த இருவருடைய ஏக்கத்துக்கு விடையாகவே தேவியின் வெற்றி சொல்லப்படுகிறது. முடிவில் அரசன் தன் நாட்டைக் கேட்டுப் பெறுகிறான்; வணிகன் ஞானத்தைக் கேட்டுப் பெறுகிறான்.

மகிஷன் செய்த குற்றமும் கவனிக்கத்தக்கது. அவன் தேவர்களை வென்று அவர்களுடைய பதவிகளில் அமர்ந்துவிட்டான். இந்திரனும் சூரியனும் அக்கினியும் தம் அதிகாரங்களை இழந்து மண்ணில் அலைகின்றனர். அவர்களுடைய சினத்தின் ஒளி திரண்டு தேவியாகிறது. சூலம், சக்கரம், வச்சிரம் என ஒவ்வொருவரும் தம் ஆயுதத்தை அவளுக்கு அளிக்கின்றனர். அதிகாரத்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் தம் வலிமையனைத்தையும் ஒருங்கு திரட்டி அதை மீட்டுக்கொள்ளும் கதை இது. ‘தர்மம்’ என்னும் சொல்லுக்கு இங்கே ‘பழைய ஏற்பாட்டை மீட்டல்’ என்றே பொருள்.

டி.டி.கோசாம்பி இதன் மறுபக்கத்தைக் களத்தில் சென்று கண்டார். மராட்டியச் சிற்றூர்களில் ஆடுமாடு மேய்ப்போரும் உழவரும் மசோபா என்னும் தெய்வத்தை வழிபடுகின்றனர். பெயரிலேயே மகிஷன் இருக்கிறான். ஓரிடத்தில் தேவியால் கொல்லப்படும் அதே எருமைத் தெய்வம் வேறோர் இடத்தில் தேவியின் கணவன். இரு மக்கட் கூட்டங்கள் மோதிய இடத்தில் தெய்வங்களும் மோதின. அவை கலந்து வாழத் தொடங்கிய இடத்தில் தெய்வங்களுக்கும் மணமாயிற்று என்று கோசாம்பி விளக்கினார். புராணத்தின் நன்மையும் தீமையும் விண்ணிலிருந்து இறங்கியவை அல்ல. மண்ணில் வாழ்ந்த மக்களுக்கிடையிலான உறவுகளின் நிழல் அவற்றில் விழுந்திருக்கிறது.

அச்சு இயந்திரம் ஏறிய அரக்கன்

கோயிற் சுவரில் இருக்கும் சிற்பத்தைக் காண மனிதர் அங்கே செல்ல வேண்டும். அச்சிட்ட படமோ மனிதரின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும், 1894இல் தொடங்கப்பட்ட இரவிவர்மா அச்சகமும் புராணப் படங்களைப் பல்லாயிரக் கணக்கில் அச்சிட்டன. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களின் குடிசைச் சுவர்களுக்கும் தெய்வங்கள் வந்து சேர்ந்தன. இதிலொரு சனநாயகத் தன்மை இருந்தது என்பதை மறுக்கவியலாது. அதே இயந்திரம் வேறொன்றையும் செய்தது.

இரவிவர்மா அச்சகத்திலிருந்து வெளிவந்த படங்களில் ஒன்று, 84 தேவர்கள் உறையும் பசுவைக் காட்டுவது. சாந்தமே வடிவான பசு; அதன் உடலெங்கும் தெய்வங்கள். அதன் முன்னே, விலங்கு முகம் கொண்ட ஓர் அரக்கன் வாளை ஓங்கி வருகிறான். ஒருவர் குறுக்கே நின்று, வேண்டாம் என்று கைகூப்பி மன்றாடுகிறார். அரக்கன் கலியுகத்துப் புலாலுண்ணியாகக் காட்டப்பட்டிருக்கிறான். எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் பசுப் பாதுகாப்பு இயக்கம் ஊரூராகச் சென்று பிரச்சாரம் செய்துகொண்டிருந்த காலத்தில் அந்த வாள் எவர் கையில் இருப்பதாகப் பார்ப்பவர் கொள்வார் என்பதில் ஐயமில்லை. 1893இல் இன்றைய கிழக்கு உத்தரப்பிரதேசம், பீகார், பம்பாய் எனப் பல இடங்களில் கலவரங்கள் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015இல் தாத்ரியில் மாட்டிறைச்சி வைத்திருந்ததாகக் கூறி வீடு புகுந்து ஒருவரை அடித்துக் கொன்ற கூட்டம், தன்னைக் கொலைகாரக் கூட்டமாகக் கருதியிருக்காது. அந்தப் பழைய படத்துக்குள் பசுவைக் காக்கும் இடத்தில் தான் நிற்பதாகவே எண்ணியிருக்கும்.

நன்மை-தீமைப் படத்தின் பேராபத்து இதுவே. எதிரில் இருப்பவன் மனிதன் என்ற நிலையிலிருந்து நீக்கப்படுகிறான். மனிதனோடு வாதிடலாம், பேரம் பேசலாம், அவனுடைய தவற்றைத் திருத்தலாம். அரக்கனை வதம் செய்வது ஒன்றே வழி. ‘கொலை’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘வதம்’ என்ற சொல் வந்து அமரும்போது, குற்றம் கடமையாக மாறிவிடுகிறது. காந்தியின் கொலையை ‘காந்தி வதம்’ என்று அழைக்கும் வழக்கம் மராட்டியத்து இந்துத்துவ வட்டாரங்களில் வேரூன்றியிருப்பதை இதனுடன் சேர்த்து நோக்க வேண்டும்.

இரும்பு உருக்கியவர்களின் துக்கம்

அசுரனின் முகம் யாருடையது என்ற கேள்வி ஒரு மக்கள் பிரிவினருக்கு உருவகம் அன்று. அது அவர்களுடைய குடிப்பெயர். ஜார்க்கண்டின் கும்லா, லோகர்தகா, லாத்தேகர் மாவட்டங்களில் வாழும் அசுர் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் சுமார் 22 ஆயிரம் பேர். மண்ணிலிருந்து இரும்பை உருக்கியெடுக்கும் தொழில்நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தவர்கள். காட்டுச் சட்டங்களும் ஆலை இரும்பும் அத்தொழிலை அழித்தன. இன்று அவர்கள் வாழும் நேதர்ஹாட் பீடபூமியின் மேல் மண்ணுக்கடியில் இருக்கும் பாக்சைட்டுக்காகச் சுரங்கங்கள் தோண்டப்படுகின்றன. அவர்களுடைய மொழி அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஒரு பகுதியினர் வடவங்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே தங்கிவிட்டனர்.

மகிஷனைத் தம் முன்னோனாகக் கருதும் அம்மக்களில் பலர், நாடு கொண்டாடும் நவராத்திரி நாட்களில் கொண்டாட்டங்களுக்கு முகம்கொடுக்காமல் துக்கம் காத்துவந்தனர். புருலியா பகுதியின் சந்தால் மக்கள் ஆடும் தாசாய் ஆட்டத்திலும் வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்ட ஒரு தலைவனுக்கான புலம்பல் ஒலிப்பதாக அவர்கள் கூறுகின்றனர். புராணத்து அசுரர்களும் இன்றைய அசுர் மக்களும் ஒருவரே என்று கல்வெட்டு காட்டி நிறுவ வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. தன் பெயரைச் சுமந்த ஒருவன் ஆண்டுதோறும் பொதுவெளியில் குத்திக் கொல்லப்படுவதைக் காணும் ஒரு பழங்குடிச் சிறுவனின் மனநிலையைப் புரிந்துகொள்ள வரலாற்றுச் சான்று வேண்டியதில்லை. நிலத்தையும் தொழிலையும் மொழியையும் இழந்துவரும் மக்களுக்குப் பெயர் ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அதுவும் தீமையின் பெயராக இருக்கிறது.

இந்தத் துக்கம் பொதுவெளிக்கு வந்தபோது அரசு எப்படி நடந்துகொண்டது என்பதும் பதிவுபெற்றுள்ளது. 2014 அக்டோபரில், மகிஷாசுரன் குறித்த கட்டுரைகளையும் ஓவியங்களையும் வெளியிட்ட ‘பார்வர்ட் பிரஸ்’ இதழின் படிகளைத் தில்லி காவல்துறை கைப்பற்றியது. 2016 பிப்ரவரியில் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் மீது தேசத்துரோக வழக்கு தொடுக்கப்பட்டிருந்த வேளையில், அன்றைய மனிதவள அமைச்சர் ஸ்மிருதி இரானி மகிஷாசுரன் நினைவுநாள் துண்டறிக்கை ஒன்றை நாடாளுமன்றத்தில் உயர்த்திப் பிடித்துப் படித்தார். தேவிக்கு எதிரானவர்கள் தேசத்துக்கும் எதிரானவர்கள் என்பதே அதன் உட்பொருள். மகிஷனின் பெயரைத் தாங்கிய மைசூரிலேயே, தலித் அமைப்புகளும் பகுத்தறிவாளர்களும் நடத்திவந்த மகிஷ தசரா 2019இல் தடுக்கப்பட்டது. காந்தியை அசுரனாக்கியவர்கள் மீசை ஒட்டித் தப்பித்துக்கொண்டனர். அசுரனுக்காக அழுதவர்கள் தேசத்துரோகிகளாக்கப்பட்டனர்.

தையப் மேத்தாவின் எருமை

இதே கருப்பொருளை வேறொரு கண்ணால் பார்த்த ஓவியர் தையப் மேத்தா. 1925இல் குஜராத்தின் கபட்வஞ்சில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். 1947 பிரிவினைக் கலவரத்தின்போது, முகமது அலி சாலைப் பகுதியில் ஒரு மனிதனை ஒரு கும்பல் அடித்துக் கொல்வதைத் தம் வீட்டுச் சன்னலிலிருந்து கண்டார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. கால்கள் கட்டப்பட்டு அறுப்புக்குக் கிடத்தப்பட்ட எருது அவருடைய ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வந்தது. 1970இல் அவர் இயக்கிய ‘கூடல்’ என்னும் குறும்படத்துக்காகப் பாந்த்ரா அறுப்புக்கூடத்தில் படம்பிடித்தார். 1980களின் நடுப்பகுதியில் சாந்திநிகேதனில் தங்கியிருந்த காலம் அவரைக் காளி, மகிஷாசுரன் என்னும் கருப்பொருள்களுக்கு இட்டுச்சென்றது.

1990களில் அவர் தீட்டிய மகிஷாசுரன் வரிசை ஓவியங்களில் வெற்றிக் களிப்பு இல்லை. தட்டையான வண்ணப் பரப்புகள், கூரிய கோடுகள். தேவியின் உடலும் எருமையின் உடலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. எந்தக் கை எவருடையது என்று பிரித்தறியக் கண் தடுமாறுகிறது. போரா, தழுவலா என்று உடனே சொல்லிவிட முடியாது. வதம் செய்பவருக்கும் வதைபடுபவருக்கும் இடையில் தெளிவான எல்லைக்கோடு கிழித்துத் தர அந்த ஓவியங்கள் மறுக்கின்றன. 1947இல் சன்னல் வழியே ஒரு கொலையைக் கண்ட மனிதருக்கு, எந்தப் பக்கம் தேவி, எந்தப் பக்கம் அசுரன் என்று சொல்லும் துணிவு வந்திருக்க முடியாது. இரு பக்கத்தாரும் தம்மை நன்மையின் படையென நம்பித்தான் கத்தி எடுத்தனர்.

இந்த வரிசையில் 1997இல் தீட்டப்பட்ட ஓவியம் 2005இல் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. இக்கால இந்திய ஓவியம் ஒன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டியது அதுவே முதன்முறை. வன்முறைக்கு எதிரான ஓர் ஓவியம் செல்வர்களின் முதலீட்டுப் பொருளாகி, வெகுமக்களின் கண்ணுக்கு எட்டாமல் போனது சந்தைப் பொருளாதாரத்தின் விளையாட்டு. மக்களுக்கு அச்சக அரக்கன். செல்வந்தர்களுக்கு மேத்தாவின் எருமை. இந்தப் பிரிவினை கலையின் குற்றம் அன்று.

முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஓர் ஓவியர் தேவியைத் தீட்டுவது அந்நாளில் இயல்பாக இருந்தது. அது குற்றமாக்கப்பட்ட கதையும் நாடறிந்தது. எம்.எப்.உசேன் மீது நாட்டின் பல மூலைகளில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2008இல் தில்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அவரால் தாய்நாட்டுக்குத் திரும்ப இயலவில்லை. 2011இல் லண்டனில் காலமானார். தேவியின் மீது ஒரு சாரார் தனியுரிமை கொண்டாடத் தொடங்கியதன் விலை அது.

தலைகீழாக்கினால் போதுமா?

இடதுசாரி வட்டத்தில் இப்பொருள் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இது மத நம்பிக்கை சார்ந்தது. வர்க்கப் போராட்டத்துக்குத் தொடர்பற்றது. தொடாமல் விட்டுவிடுவதே நல்லது என்பது ஒன்று. கதையைத் தலைகீழாக்கி மகிஷனை வீரனாகவும் தேவியை வஞ்சகியாகவும் காட்டுவதே சரி என்பது மற்றொன்று. முதற்கருத்து களத்தை எதிரியிடம் விட்டுக்கொடுக்கிறது. இரண்டாவது, எதிரியின் சட்டகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு முகங்களை மட்டும் இடம்மாற்றுகிறது. அசுர் மக்கள் தம் முன்னோனுக்காகத் துக்கம் காப்பது அவர்களுடைய உரிமை. அவ்வுரிமைக்காக உறுதியாகத் துணைநிற்பது கட்சியின் கடமை. ஆனால் ஒரு பெண்ணுருவத்தை இழிவாகப் பேசி அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது. வங்கத்தின் வீட்டுவேலைத் தொழிலாளியும் சணல் ஆலைத் தொழிலாளியின் மனைவியும் ஆண்டுக்கு ஐந்து நாள் அந்த முகத்தைப் பார்த்துத் தம் துயரத்தை இறக்கிவைக்கின்றனர். மதத்தைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான முறையீடாகவும் ஒருசேரக் கண்டது மார்க்சிய மரபு. அந்த மரபினர் அப்பெண்களை எள்ளி நகையாட இயலாது.

குறியீடுகள் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. 1922இல் காஜி நஸ்ருல் இஸ்லாம் தம் ‘தூமகேது’ ஏட்டில் ஒரு கவிதை வெளியிட்டார். துர்க்கையின் வருகையைப் பாடும் வடிவில், அந்நிய ஆட்சியில் நாடு கொலைக்களமாகிவிட்டதைச் சாடிய கவிதை அது. ஆங்கில அரசு அதன் பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டது. கவிஞருக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதித்தது. நஸ்ருல், இந்தியக் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான முசாபர் அகமதுவின் நெருங்கிய தோழர். ஒரு முஸ்லிம் கவிஞர், பொதுவுடைமையாளர்களின் நண்பர், தேவியை அழைத்தது ஏகாதிபத்தியத்துக்கு எதிராக. அன்று அவருடைய அசுரனுக்கு எந்தச் சாதியின் முகமும் இல்லை. எந்த மதத்தின் முகமும் இல்லை. ஓர் ஆட்சியின் முகமே இருந்தது.

அண்மைக் காலத்திலும் சான்றுண்டு. 2020இல் திடீர் ஊரடங்கால் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய ஆண்டில், கொல்கத்தாவின் பெகாலாவிலுள்ள பரிஷா கிளப் பந்தலில் சிற்பி பல்லவ் பௌமிக் ஒரு துர்க்கையை வடித்தார். எளிய சேலை உடுத்திய புலம்பெயர் தொழிலாளித் தாய். இடுப்பில் சட்டையற்ற குழந்தை. உடன் நடக்கும் பிள்ளைகள். வெற்றிபெற்ற தேவியாக அவள் நிற்கவில்லை. நிவாரணம் தேடி நடந்துகொண்டிருந்தாள். சூலத்தால் குத்தப்பட்ட எவனையும் காட்ட வேண்டிய தேவை அச்சிற்பிக்கு எழவில்லை. அவள் எதனோடு போரிடுகிறாள் என்பது பார்த்த ஒவ்வொருவருக்கும் விளங்கிற்று.

பசிக்கு முகம் இல்லை

கம்யூனிஸ்ட் இயக்கத்தின் சொந்த ஓவிய மரபு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, கட்சி இளம் ஓவியர் சித்தபிரசாதை மிதுனாப்பூர் மாவட்டத்துக்கு அனுப்பியது. அவர் கால்நடையாகச் சென்று கண்டதை மையால் வரைந்தார். ‘பசித்த வங்கம்’ என்னும் பொருள்பட்ட அவருடைய நூலின் படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. சோம்நாத் ஹோர் பஞ்சத்தையும், 1946இல் தேபாகா உழவர் எழுச்சியையும் வரைந்தார்.

அந்த ஓவியங்களில் அசுரன் இல்லை. கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட எவனும் வங்கத்தின் அரிசியைத் தின்றுவிடவில்லை. போர்க்காலக் கொள்முதல், பதுக்கல், விலையேற்றம், படகுகளைப் பறிமுதல் செய்த அரசாணை, உணவை அனுப்ப மறுத்த லண்டன் அமைச்சரவை ஆகியவை சேர்ந்தே அந்தச் சாவுகளை விளைவித்தன. கையொப்பமிட்டவர்கள் நற்பண்புடைய கனவான்களாகவே தம் வீட்டாருக்குத் தெரிந்திருப்பர். சுரண்டல் அமைப்புக்கு முகம் இல்லை. அதனால்தான் அதனை வரைவது கடினம். புராணப் படம் அந்தக் கடினத்தைக் குறுக்குவழியில் கடக்கிறது. ஒரு முகத்தைக் காட்டி, இவன்தான் காரணம் என்கிறது. வேலையின்மைக்குக் காரணம் அண்டை வீட்டு முஸ்லிம். இட நெருக்கடிக்குக் காரணம் எல்லை தாண்டி வந்தவன். நாட்டின் பின்னடைவுக்குக் காரணம் பல்கலைக்கழக மாணவன். பாக்சைட் சுரங்கத்தின் உரிமையாளருக்கு மட்டும் அந்தப் படத்தில் எந்த இடமும் ஒதுக்கப்படுவதில்லை.

இடதுசாரிகளும் இந்தக் குறுக்குவழியின் கவர்ச்சிக்கு ஆட்படாதவர்கள் அல்லர் என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்சிச் சுவரொட்டிகளில் கொழுத்த வயிறும் சுருட்டும் தாங்கிய முதலாளியைக் காலடியில் மிதிக்கும் செங்கொடி வீரனை எத்தனை முறை வரைந்திருக்கிறோம்? எளிதில் புரியும் என்பதால் வரைகிறோம். ஆனால் முதலாளித்துவத்தை ஒரு தீய மனிதனாகச் சுருக்கிக் காட்டும் படம், நல்ல முதலாளி கிடைத்தால் சிக்கல் தீரும் என்னும் எண்ணத்துக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. உறவுகளை மாற்றுவதே நம் அரசியல். உருவங்களை வதம் செய்வது அன்று. மூலதனம் ஒரு பொருளன்று, சமூக உறவு என்று வகுப்புகளில் கற்பிப்பவர்கள் அதைச் சுவரொட்டியிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

மேற்கு வங்கத்தில் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. துர்கா பூஜை நாட்களில் பந்தல்களுக்குச் சற்றுத் தள்ளி, சாலையோரத்தில் மார்க்சிய நூல்களின் விற்பனைக் கடைகள் வைக்கப்படுகின்றன. தோழர்கள் பூஜையில் பங்குகொள்வதும் இல்லை. மக்களைப் போகாதீர்கள் என்று தடுப்பதும் இல்லை. புத்தாடை அணிந்து பிள்ளைகளின் கைபிடித்து வரும் குடும்பங்கள் தேவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் அந்தக் கடையில் நிற்கின்றன, சிறு நூல் ஒன்றைப் புரட்டுகின்றன, சிலர் வாங்குகின்றனர், சிலர் பேசிவிட்டுப் போகின்றனர். திருவிழாவைப் பகைத்துக்கொள்ளாமலும் அதில் கரைந்துபோகாமலும் மக்களோடு நிற்கும் முறை அது.

இனிவரும் ஆண்டுகளில் அந்தக் கடைகளில் நடைபெறும் உரையாடலில் ஒரு கேள்வியும் சேரட்டும். பந்தலைப் பார்த்துவிட்டு வரும் ஒரு சிறுமியிடமோ முதியவரிடமோ கனிவுடன் கேட்கலாம்: அங்கே கீழே கிடந்தவனின் முகத்தைப் பார்த்தீர்களா? அவன் யாரைப் போல் இருந்தான்? அந்தத் தோல் நிறம் யாருடையது? அந்த முகத்தை வடிக்கச் சொன்னது யார்? விடையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. தீமையை வெல்ல வேண்டும் என்று நம்பும் மக்களிடம், தீமை எங்கே இருக்கிறது என்று தாமே தேடிப்பார்க்கும் பழக்கத்தை வளர்த்துவிட்டால் போதும். அவர்கள் பார்வை காலடியில் கிடப்பவனை விட்டு விலகி, மேலே குடைபிடித்து நிற்பவர்களின் பக்கம் திரும்பும்.